ஒன்பதாம் நம்பர் மலைக்கு

நர்ஸ் சசிரேகா தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குள் வந்ததும் என் மனைவி ஆண்டாயியைப் பார்க்கவில்லை, அடுப்பைத்தான் பார்த்தாள். கேஸ் அடுப்பு துணி போர்த்திப் பத்திரமாக இருந்தது. பக்கத்தில் விறகு அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், மரியாதையாகத்தான் கேட்டாள்.

"ஏனுங்கய்யா, அம்மா ஒரு பீடி குடிச்சதில்லீங்க. நுரையீரல் இப்படி ஆனதுக்கு இந்தப் புகைதானுங்க காரணம்."

முப்பத்தைந்து வருடமாக விடியலில் அந்த அடுப்பை மூட்டியவன் நான். நெல்லியாளத்து மழைக்குளிரில் அவள் எழுந்திருப்பதற்குள் வீடு சூடாகிவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் சாக்குத் திணித்துவிடுவேன். அவள் வந்து என் தோளில் சாய்ந்து பாலில்லாத சாயத்தண்ணி குடிப்பாள். பேச்சே இருக்காது. எங்கள் குடித்தனத்தில் நல்ல நேரம் என்று ஒன்று உண்டென்றால் அதுதான். அதுவே அவள் மூச்சைக் கெடுத்தது என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

சசிரேகா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். உடம்பு நன்றாக இருக்கிற நாளிலும் இன்ஹேலரை விடக் கூடாது. உதட்டைக் குவித்து மெல்ல ஊதி மூச்சை விட வேண்டும். தினமும் நேற்றைவிட நாலடி கூட நடக்க வேண்டும். ஆண்டாயி எல்லாவற்றையும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி செய்தாள். அவளுக்கு ஒரே ஆசை. மாதக் கடைசியில் ஐம்பத்தெட்டு வயது முடிந்து வேலையிலிருந்து நிற்கிறாள். நிற்கிற நாளில் அவள் கொழுந்து பறிக்கும் ஒன்பதாம் நம்பர் மலையில், கூடப் பறிக்கும் கூட்டத்துப் பெண்கள் வழக்கப்படி ஆளுக்கொரு பிடி கொழுந்தை அவள் பையில் போடுவார்கள். அன்றைக்கு அவள் பையின் எடைதான் எல்லாரையும்விட அதிகமாக இருக்கும். அவளும் எத்தனையோ பேருக்குப் பிடி போட்டவள்.

"மலைக்குப் போகாம ஆபீஸ் பதிவுல பேர வெட்டிக்கிட்டா, நான் வேலையே செய்யாத மாதிரியில்ல இருக்கும்" என்பாள்.

கெடுத்தவன் நான்தான். இன்னும் பத்து நாள் இருக்கையில் ஒரு விடியல், குளிரில் சுருண்டு கிடந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள்தானே என்று பழையபடி விறகை மூட்டி ஜன்னலைச் சாத்தினேன். அவள் எழுந்து வந்து தோளில் சாய்ந்தாள். ஆசையாகத்தான் சாய்ந்தாள். சிறிது நேரத்தில் நகமெல்லாம் நீலம் பாய்ந்துவிட்டது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம்.

சசிரேகா திட்டவில்லை. "அம்மா சரியாத்தானுங்க செஞ்சாங்க. பழக்கத்த மாத்த வேண்டியவரு நீங்கதானுங்க" என்றாள்.

திரும்பி வந்த அன்றே விறகு அடுப்பை மண்வெட்டியால் இடித்தேன். ஆண்டாயி பார்த்துக்கொண்டே இருந்தாள். "இனிமே எங்க உக்காருவோம்?" என்று மட்டும் கேட்டாள். நான் இடிந்த மண்ணை அள்ளி வெளியே கொட்டினேன்.

கடைசி நாள் வந்தது. "நின்னு நின்னு போகோணுமுங்க, முடியலீன்னா திரும்பிடோணும். நீங்க கையப் புடிச்சு இழுக்காதீங்க" என்று சசிரேகா என்னிடம் சொல்லியிருந்தாள். ஆண்டாயி முன்னால் ஏறினாள். நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பாதி ஏற்றத்தில், வளைவில் நின்றுவிட்டாள். பனிக்குள் மேலே பெண்கள் பேசுவது கேட்டது. யாரோ அவள் பேரைச் சொன்னார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் போல என் கை பரபரத்தது.

"திரும்பிடுவோமா புள்ள?" என்றேன்.

அவள் பாறையில் கையூன்றி உதட்டைக் குவித்து ஊதினாள். ஒன்று. இரண்டு. மேலே பேச்சு நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்காமலே ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள், பொறுங்கள் என்று. நான் ரெண்டடி கீழே வெறும் பையோடு நின்றேன். அந்த விரல் இன்னும் இறங்கவில்லை.