பன்னிரண்டாவது கட்டில்

தீயணைப்புத் துறை அதிகாரி சிறுநீரக நோயாளிகளுக்கான அந்தக் கீழ்த்தள மையத்துக்கு இறங்கி வந்தபோது, தச்சரின் மனைவிக்கு டயாலிசிஸ் தொடங்கி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. பன்னிரண்டு கட்டில்கள், பன்னிரண்டு மெஷின்கள். வெளியே போக ஒரே படிக்கட்டு.

அதிகாரி அம்மாள் கையிலிருந்த கட்டட வரைபடத்தை விரித்தார்.

"டாக்டர், பிளான்ல பின்பக்கம் ஒரு கதவு இருக்கு. எங்க அது?"

"அது கட்டவே இல்ல மேடம்," என்றார் மையத்தை நடத்தும் டாக்டர், கூசாமல்.

"ரெண்டு தடவை நோட்டீஸ் குடுத்தாச்சு. தீப்பிடிச்சா இத்தனை பேரும் குழாயோட கட்டிப்போட்ட மாதிரி கெடப்பாங்க. இவங்களுக்கு முடிஞ்சதும் சீல் வைக்கிறேன்."

பக்கத்துக் கட்டிலில் இருந்த பஸ் கண்டக்டர் தலையைத் தூக்கினார். "தீ என்னைக்கோ வரும், வராமலும் போகும். இது நின்னா அடுத்த வாரமே எங்க கதை முடிஞ்சிரும்மா."

அதிகாரி வரைபடத்தில் அந்தக் கதவின் மேல் மறுபடி விரலை வைத்துப் பார்த்தார்.

மனைவியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்த தச்சர் பின்சுவரைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றரை வருடத்துக்கு முன் மனைவியைச் சேர்க்க இங்கே இடமில்லை என்றார்கள். அந்த இடத்தை உண்டாக்கியவர் அவர்தான். பின்கதவுக்குப் போகும் வழியைப் பிளைவுட்டால் அடைத்து, சுவர் நிறத்திலேயே பெயிண்ட் அடித்தார். அந்தப் பலகையை ஒட்டித்தான் அவளுடைய கட்டில் போடப்பட்டது.

அவள் அவர் முகத்தைப் படித்துவிட்டாள்.

"என்னங்க, சொல்லிடுங்க."

"சொன்னா உன் கட்டில் போயிடும்டி."

"சொல்லலன்னா எல்லார் கட்டிலும் போயிடும்."

அவர் எழுந்தார். "மேடம், கதவு இருக்கு. நான்தான் அடைச்சேன்."

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

எல்லாருக்கும் முடிந்த பிறகு, கட்டிலை நகர்த்திவிட்டுப் பலகையைத் தச்சரே பெயர்த்தார். துருப்பிடித்த இரும்புக் கதவு நாலு உதையில் திறந்து, பின்பக்கம் தாழ்வாக ஓடிய சந்தின் வெயில் உள்ளே விழுந்தது. அதிகாரி டேப்பை இழுத்து அளந்தார்.

"பதினோரு கட்டிலுக்கு விடலாம். இந்த வழியில ஒரு ஸ்டூல்கூட இருக்கக் கூடாது."

"சக்கரம் வச்சு மடக்குற கட்டில் செஞ்சு தரேன் மேடம். ஒரு நொடியில தள்ளிடலாம். உங்க கால்ல விழறேன்."

"புகை வந்தா எதைத் தள்ளுறதுன்னே கண்ணு தெரியாதுங்க," என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. ஆனாலும் தச்சரின் வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போனார். டாக்டர் மேல் வழக்குப் பதிவானது.

மற்ற பதினொரு கட்டிலிலும் எல்லா வேளைக்கும் ஆள் இருந்தது. அடுத்த மூன்று நாளில் தச்சர் நாலு டயாலிசிஸ் மையம் ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் ஒரே பேச்சு: "பேர் எழுதிட்டுப் போங்க." அவள் கால் வீங்கியது, பிறகு முகம். நாலாம் நாள் படுத்தால் மூச்சு முட்டியது. அவர் முதுகில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடினாள்.

"அன்னைக்கு என் பேச்சைக் கேட்டிருக்க வேணாம்," என்றாள் ஒருமுறை. அவர் அவளுக்கு வாகாக முதுகை இன்னும் நிமிர்த்திக்கொடுத்தார்.

ஐந்தாம் நாள், மூன்று மணி நேரம் தள்ளியிருந்த பெரிய ஆஸ்பத்திரி அவளை ஸ்ட்ரெச்சரோடு உள்ளே எடுத்துக்கொண்டது. காலையில்தான் ஒரு மெஷின் காலியானதாம். அது எப்படிக் காலியானது என்று அவள் கேட்டாள். நர்ஸ் ஊசியைச் செருகுவதில் கவனமாக இருந்தாள்.

சாயங்காலம் மூச்சு சீரானது. நர்ஸ் அட்டையில் "செவ்வாய், வெள்ளி" என்று எழுதி நீட்டினாள்.

"எதுவரைக்கும்மா?" என்று கேட்டார் தச்சர்.

"இப்ப இடம் இருக்கு. வாங்க," என்றாள் அவள்.