இரண்டு தடவை வந்த குரல்

பூசைக்கு முந்திய ஒத்திகையில் முதல் அடியே தகரக் குழாய்க்குள்ளிருந்து பாடுவது போல ஒலித்தது. கேதீஸ்வரி பாட்டை நிறுத்திவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டாள். கழலைக்குச் செய்த ஒப்பரேசனின் தழும்பு இன்னும் ஆறாத நிறத்தில் இருந்தது.

“போச்சு கா. எண்ட குரல் போச்சு.”

மேடைக்கு எதிரே மிக்ஸரின் பின்னால் ஒலியமைப்பைக் கவனித்துக்கொண்டிருந்த தனுஷியா வயர்களை மறுபடி தொட்டுப் பார்த்தாள். கேதீஸ்வரி அவளுக்கு மாமி மகள். வவுணதீவுப் பக்கத்து அந்த அம்மன் கோயிலில் வருடந்தோறும் திருவிழா மாலைப் பூசைக்குப் பாடுகிறவள். ஒப்பரேசனுக்குப் பிறகு இதுதான் முதல் மேடை. “இண்டைக்குப் பாட ஒண்ணாட்டி, மறுகா இந்தப் பக்கமே வரமாட்டன்” என்று வரும் வழியிலேயே சொல்லியிருந்தாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது தனுஷியாவுக்குத் தெரியும்.

கோயில் செயலாளர் அருமைநாயகம் போனை ஆட்டிக்கொண்டு வந்தார்.

“புள்ளயள், ரெக்கோட் பாட்டு இதுக்குள்ள கிடக்கு. போட்டு விடுவமா?”

“போன் பாடினா அம்மாள் போனுக்குத்தான் வரம் குடுப்பா. கொஞ்சம் பொறுங்க மாமா” என்றாள் தனுஷியா.

பழைய மிக்ஸர் பழுதாகி, டிஜிட்டல் மிக்ஸர் ஒன்று வந்திருந்தது. அதற்குள்ளேயே எக்கோ உண்டு. ஆனால் கேதீஸ்வரிக்குத் தன்னுடைய எக்கோப் பெட்டிதான் வேண்டும். அது இல்லாமல் அவள் பாடியதே இல்லை. ஆகவே தனுஷியா மிக்ஸரிலிருந்து ஒரு வயரைப் பெட்டிக்குக் கொடுத்து, பெட்டியிலிருந்து இன்னொன்றை மிக்ஸரில் சும்மா கிடந்த ஒரு சனலுக்கு, அதாவது தனி ஒலித் தடத்துக்கு, திருப்பி எடுத்திருந்தாள். இணைப்பில் பிழை இல்லை.

அவள் பெட்டியின் சனலை முழுவதும் இறக்கினாள்.

“மச்சாள், இன்னொருக்காப் பாடு.”

“என்னத்தப் பாட? ஒப்பாரியா?”

“அதுவும் உனக்கு நல்லா வரும். பாடு.”

பாடினாள். எக்கோ இல்லாத வெறுங்குரல். முன்பைவிடச் சற்றுக் கனத்திருந்தாலும், உடைசல் இல்லை. தனுஷியா பெட்டியை ஏற்றினாள். தகரக் குழாய் திரும்பி வந்தது. பிறகு குரலின் சனலை அடியோடு இறக்கிப் பெட்டியை மட்டும் கேட்டாள். எக்கோ மட்டும் வரவேண்டிய இடத்தில் கேதீஸ்வரியின் குரலும் கூடவே வந்தது.

அப்போதுதான் பிடிபட்டது. குரல் நேராக ஒரு தடவையும், பெட்டியைச் சுற்றி ஒரு தடவையும் வருகிறது. பழைய மிக்ஸரில் இரண்டும் ஒன்றாக வந்து சேரும். புதியது குரலை எண்களாக்கித் திரும்பவும் குரலாக்குகிறது; சுற்றி வருவது அதை இரண்டு தடவை கடப்பதால் மயிரிழை பிந்துகிறது. ஒரு தோணியில் இருவர் முன்பின்னாகத் துடுப்புப் போட்டால் தோணி தள்ளாடுவது போல, இரண்டும் மோதித் தகரச் சத்தம் எழுகிறது.

பெட்டியில் குரலும் எக்கோவும் எவ்வளவு எவ்வளவு என்று தீர்மானிக்கும் குமிழ் சரி நடுவில் நின்றது. அதை யாரும் தொடுவதில்லை. ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் கேதீஸ்வரி வைத்த சந்தனமும் குங்குமமும் படைபடையாகக் காய்ந்து குமிழைப் பெட்டியோடு ஒட்டியிருந்தன.

“மச்சாள், இதத் திருப்பப் போறன்.”

“தொடாத கா! அது எண்ட ராசி.”

“குரலக் கெடுக்கிறது அதுதான்.”

“கெடுத்தது ஒப்பரேசன்.”

“இல்ல. நீ இப்ப ரெண்டு பேரா வாறாய். ஒருத்தி முந்தி, ஒருத்தி பிந்தி. பிந்தி வாறவள வீட்ட அனுப்புவம்.”

கேதீஸ்வரி மேடையிலிருந்து இறங்கி வந்து பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நானே திருப்புறன். குத்தம் வந்தா எனக்கு வரட்டும்.”

நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினாள். குமிழ் ‘டக்’ என்று விடுபட்டு, எக்கோ மட்டும் வரும் வலப்பக்கக் கோடிவரை திரும்பியது. விரலில் ஒட்டிய தூளை வீணாக்காமல் நெற்றியில் பூசிக்கொண்டு மேடையேறினாள்.

இந்தத் தடவை குரல் ஒன்றாக வந்தது. எக்கோ அதற்குப் பின்னால், கோயிலைத் தாண்டி வாவிப் பக்கம் மெல்லப் பரவிப் போனது. கேதீஸ்வரி கண்ணை மூடி முழுப் பாட்டையும் பாடி முடித்தாள். கை கழுத்துக்குப் போகவேயில்லை.

“கொஞ்சம் கனத்துத்தான் கிடக்கு என்ன?” என்று மைக்கிலேயே கேட்டாள்.

“ஓம். அம்மாளுக்குப் பெரியாள் ஒருத்தி வந்து பாடுற மாதிரி இருக்கு.”

“போடி!”

அருமைநாயகம் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மணியடிக்கச் சொன்னார். அம்மன் முன் திரை விலகியதும் பெண்கள் குரவை போட்டார்கள். எல்லா மைக்கும் அதை அள்ளி எடுக்க, சத்தம் மிஞ்சிவிட்டதென்று மிக்ஸரில் சிவப்பு விளக்குகள் குப்பென்று எரிந்தன. தனுஷியா எதையும் இறக்கவில்லை. கேதீஸ்வரி பாடத் தொடங்கியிருந்தாள்.