எதிரிகளும் தூக்கிய கை

ஸ்ட்ராஸ்பூர் நகரில் இருக்கும் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு நானும் வீப்கேயும் போனது ஜூலை மாதம். இருவருமே புரோகிராம் எழுதுகிறவர்கள். நான் கெண்ட் நகரத்துக்காரன், அவள் ஊர் கீல். பார்வையற்றவர்களுக்குக் கணினித் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டவள் அவள். மென்பொருளுக்குக் காப்புரிமை தரும் சட்டம் ஒன்று அங்கே வாக்கெடுப்புக்கு வரவிருந்தது. அது நிறைவேறினால், அவள் எழுதியதில் பாதியை ஏதோ ஒரு கம்பெனி தன்னுடையது என்று சொல்லிவிடலாம். உறுப்பினர்களைப் பார்த்துப் பேசித் தடுக்கத்தான் லீவு போட்டு வந்திருந்தோம்.

செக் நாட்டு உறுப்பினர் ஹெட்விகா எங்கள் பக்கம்தான் என்று முதல் நாள் வீப்கேயின் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார். மறுநாள் எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு லிஃப்டில் ஏறினார். நாங்களும் நுழைந்துவிட்டோம்.

"நேத்து அப்படிப் பேசினீங்க மேடம். இன்னிக்கு முகத்தையே காட்ட மாட்டேங்கறீங்க," என்றாள் வீப்கே.

ஹெட்விகா கதவையே பார்த்தார். "இந்தச் சட்டம் வேணும்ங்கற கம்பெனி ஒண்ணோட ஆபீஸ் எங்க ஊர்ல இருக்கும்மா. நிறைய பேருக்கு அங்கதான் வேலை. காலைல போன் பண்ணாங்க."

"மிரட்டினாங்களா?"

"மிரட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ரொம்ப மரியாதையாப் பேசினாங்க. அந்தக் கட்டடத்தோட குத்தகை எப்ப முடியுதுன்னு எனக்குத் தெரியுமான்னு கேட்டாங்க. அவ்வளவுதான்."

வெளியே வந்ததும் வீப்கே சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எனக்கும் போன் வந்துச்சு, லீவன். போன வாரம், ஒரு வக்கீல். என் புரோகிராம்ல, திரையில வர்ற மெனுவை வாசிக்கற பகுதியை அப்படிப் புகழ்ந்தார். கடைசில, 'உங்களுக்கு யாரு வக்கீல்?'னு கேட்டார்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"வெளிய சொன்னா நிஜமாயிடுமோன்னு பயம்."

சட்டத்தையே நிராகரிக்கலாமா என்று அவையில் கேட்டபோது எங்கள் ஆதரவாளர்கள் கை தூக்கினார்கள். ஹெட்விகாவும் தூக்கினார். பிறகு, எங்களை வருடக்கணக்காக எதிர்த்தவர்களும் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். பார்வையாளர் மாடத்தில் எங்கள் கூட்டம் கட்டிப்பிடித்துக் குதித்தது. நான் வீப்கேயைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு இறங்கினேன்.

கம்பெனிகளுக்காக அங்கே ஆதரவு திரட்டும் மனிதர் ஒருவர் வாசலில் நின்றிருந்தார். நேராகவே கேட்டேன்.

"உங்க ஆளுங்க எதுக்கு சார் கையைத் தூக்கினாங்க?"

"நாங்கதான் தூக்கச் சொன்னோம் தம்பி. காப்புரிமைக்கு வரம்பு வெச்சு உங்க பக்கத்து ஆளுங்க போட்ட திருத்தத்தோட சட்டம் வந்திருந்தா எங்க கையைக் கட்டிப்போட்டிருக்கும். சட்டமே இல்லேன்னா, காப்புரிமை ஆபீஸ்ல இதுவரைக்கும் வாங்கின மாதிரியே வாங்கிட்டு இருப்போம்." வீப்கேயைப் பார்த்துச் சிரித்தார். "கீலுக்கு ரொம்ப தூரம் போகணுமேம்மா. பத்திரமாப் போங்க."

அவள் தன் ஊரை அவரிடம் சொன்னதே இல்லை.

ரயில் நிலையத்தில் நண்பர்கள் பியர் பாட்டில்களைத் திறந்து பாடிக்கொண்டிருந்தார்கள். வீப்கே பெஞ்சில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். வக்கீல் புகழ்ந்த பகுதியை முழுவதுமாக நீக்கி, புதிய பதிப்பாக வெளியிட்டாள்.

"ஜெயிச்சுட்டோமேடி," என்றேன்.

"கோர்ட்ல போய் அதைச் சொல்லவா?"

அடுத்த வாரம் நான் கீலில் அவள் வீட்டில் இருந்தபோது ரோஸ்டாக் நகரத்திலிருந்து ஒருவர் போனில் அழைத்தார். பார்வையற்ற ஆசிரியர்.

"புதுசு போட்டதுலேருந்து மெனு வந்தா வாயை மூடிக்குதும்மா. என் மெஷின்ல ஏதாவது கோளாறா?"

வீப்கே என்னைப் பார்த்தாள்.

"ஆமா சார்," என்றாள். "கோளாறுதான். பார்க்கறேன்."