ஞாயிற்றுக்கிழமைக் கசிவு

தொழிற்சாலை ஸ்டோரில் ஒரு போல்ட் காணாமல் போனாலும் ஸ்டோர் கீப்பரான அவருக்கு உடனே மூக்கில் வியர்த்துவிடும். அது எந்தச் சட்டைப் பைக்குள் போனது என்று கண்டுபிடிக்காமல் தூங்கமாட்டார். அந்த மூக்கை வீட்டுச் சமையலறைக்குள்ளும் நுழைத்ததுதான் வினை.

மளிகைச் செலவு எகிறிக்கொண்டே போனது. போன மாதச் செலவில் கால்வாசியை வெட்டிவிட்டு, "இதுக்குள்ள ஓட்டணும்" என்று மனைவியிடம் சொன்னார்.

"கடையில விலைய நீங்களா போடுறீங்க?"

"எங்க ஸ்டோர்ல இப்படித்தான் செய்வோம்."

"உங்க ஸ்டோர்ல போல்ட்டுக்குப் பசிக்காதுங்க."

அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தினமும் பல் தேய்ப்பதற்கு முன்பே அரிசி டப்பாவிலும் எண்ணெய் பாட்டிலிலும் பேனாவால் கோடு போட்டார். வாரம் முழுக்க யோக்கியமாக இறங்கிய கோடு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சறுக்குமரத்தில் இறங்குவதுபோல் இறங்கியது.

துப்புத் துலக்கிய மனிதருக்கு வாய் சும்மா இருக்குமா? அந்த ஞாயிறு மதியமே சாப்பாட்டு மேசையில் அவிழ்த்துவிட்டார். மேசையில் அவர், அவர் மனைவி, இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கும் அவருடைய அக்கா. அம்மா போனபிறகு துணி தைத்து அவரைப் படிக்கவைத்தவள். அவள் கணவர் தவறியதிலிருந்து ஞாயிறு மதியம் அவளுக்கு இங்கேதான் சாப்பாடு.

"கசிவு எங்கன்னு புடிச்சிட்டேன். ஞாயித்துக்கிழமைதான்! அரிசி, எண்ணெய், முட்டை எல்லாம் அன்னைக்குத்தான் ஒழுகுது. அந்த ஓட்டைய அடைச்சிட்டா பட்ஜெட் கச்சிதமா நிக்கும்."

மனைவி மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள். "எதுக்கு மிதிக்கிற?" என்று சத்தமாகவே கேட்டார் அந்தப் புத்திசாலி.

அக்கா சிரித்தாள். "நல்ல மூளைடா உனக்கு. சின்ன வயசுலேருந்தே கணக்குல புலி." இன்னொரு தடவை பரிமாற வந்த கரண்டியைக் கையால் மறித்தாள். "போதும்மா, வயிறு நிறைஞ்சிருச்சு."

அவள் கிளம்பிப் போனபிறகுதான் மனைவி வாயைத் திறந்தாள். "அந்த ஓட்டைக்கு உங்க அக்கான்னு பேரு."

சத்தியமாக அவருக்குத் தோன்றவேயில்லை. அக்காவை அவர் என்றைக்கும் விருந்தாளியாக நினைத்ததில்லை. அதனால்தான் கணக்கிலும் அவள் வரவில்லை. இதை யாரிடம் சொல்லி நம்பவைப்பது?

அடுத்த ஞாயிறு அக்காவுக்குத் தலைவலி. அதற்கடுத்த ஞாயிறு அவசரமாகத் தைத்துக்கொடுக்க வேண்டிய துணி. அப்புறம் போனையே எடுக்கவில்லை. கோடுகள் ஒழுங்காக இறங்கின. அவருக்குத்தான் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

"நடக்கிற மாதிரி ஒரு பட்ஜெட் போடலாம்" என்றாள் மனைவி. "இன்னைக்கு விக்கிற விலைக்குப் போடுங்க. ஞாயித்துக்கிழமைக்கு மூணு பேரு. வெட்டியே ஆகணும்னா, சாயங்காலம் சாயங்காலம் நீங்க வாங்கிட்டு வர்ற பிஸ்கட்ட வெட்டுங்க."

பிஸ்கட்டை வெட்டினார். புது பட்ஜெட்டில் அக்காவின் பங்குக்குத்தான் முதலில் பணம் ஒதுக்கினார். அன்றைக்கே அவள் வீட்டுக்கும் போனார். அவள் தையல் மெஷினை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, நான் ஒரு மடையன்."

"வளத்தவளுக்குத் தெரியாதா?"

"உன்ன நினைச்சுச் சொல்லலக்கா."

"தெரியும்டா." மெஷின் நின்றது. "நினைச்சிருந்தா சொல்லியிருக்கமாட்ட."

அவர் தலையைக் குனிந்துகொண்டு தரையில் கிடந்த வெட்டுத் துணிகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"சரி, மூஞ்சிய அப்படி வச்சுக்காத. ஞாயித்துக்கிழமை வரேன், போ."

வந்தாள். கையில் ஒரு பை, பைக்குள் டப்பா. "வீட்டுல மிஞ்சிருச்சும்மா. வீணாப் போகுதேன்னு எடுத்துட்டு வந்தேன்."

மூடியைத் திறந்ததும் ஆவி பறந்தது. மிஞ்சின சோற்றில் ஏது ஆவி என்று கேட்கிற மூளை அவருக்கு உண்டு. இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டார்.

"எங்க சாப்பாடும் போட்டுக்கங்க அண்ணி" என்றாள் மனைவி.

அக்கா முகம் கோணாமல் ஒரே ஒரு கரண்டி வாங்கிக்கொண்டாள். தன் டப்பாவிலிருந்த முட்டையை இரண்டாக வெட்டிப் பாதியைத் தம்பி தட்டில் வைத்தாள். பழையபடியே கேலி பேசினாள், சிரித்தாள். கோபம் இருந்தாலாவது காலில் விழலாம்.

இப்போது அவள் ஒரு ஞாயிறும் தவறுவதில்லை, டப்பாவும் தவறுவதில்லை. அவளுக்கென்று ஒதுக்கிய பணம் மாதக் கடைசியில் அப்படியே கிடக்கிறது. பட்ஜெட்டில் மிச்சம் விழுந்து அழுத மனிதர் ஊரிலேயே அவர் ஒருவர்தான்.

"இத என்ன பண்றது?" என்று கேட்டார்.

"இருக்கட்டும்" என்றாள் மனைவி. "என்னைக்காவது வெறுங்கையோட வருவாங்க."

சனிக்கிழமை கடையில் மூன்று பேருக்கென்றே வாங்குகிறார். ஞாயிறு மதியம் கதவைத் திறந்ததும் அவர் கண் முதலில் அக்காவின் கைக்குத்தான் போகிறது.