பத்து மணி நேரம் என்று சொன்னவன்

அக்காவின் போன் வந்தபோது லிப்ட் மெக்கானிக் வெளிநாட்டில் ஒரு துணிக்கடையில், லிப்டின் அடிக்குழிக்குள் கிரீஸ் கையோடு நின்றிருந்தான்.

"அப்பா இனிமே தேற மாட்டாராம்டா. மூச்சு மெஷினை எடுத்துடலாமான்னு டாக்டர் கேக்கறார். நீ வர எவ்வளவு நேரம் ஆகும்?"

கையைத் துடைத்துக்கொண்டு தான் இருக்கும் ஊர், அப்பா இருக்கும் ஊர் இரண்டின் பெயரையும் போனில் தட்டினான். விமான தூரமும் நேரமும் சட்டென்று வந்து நின்றன. அதை அப்படியே வாசித்தான். "பத்து மணி நேரம்க்கா."

"அப்ப அதுவரைக்கும் வெச்சிருக்கச் சொல்றேன். உன் முகத்தைப் பாத்துட்டுப் போகட்டும்."

டிக்கெட் போடும்போதுதான் உறைத்தது. அது நேராகப் பறந்தால் ஆகிற கணக்கு. அந்த ஊருக்கு நேராகப் பறக்கிற விமானமே கிடையாது. நடுவில் இறங்கிக் காத்திருந்து மாறினால் இருபது மணி நேரம். அக்காவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கிளம்பிவிட்டான்.

இறங்கிய இடத்தில் அடுத்த விமானத்துக்கு ஏதோ கோளாறு. எப்போது சரியாகும் என்று கவுண்டரில் இருந்த பெண்ணுக்கே தெரியவில்லை. பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். அக்காவின் கணவர் கூப்பிட்டார்.

"மாப்ள, எங்க இருக்க?"

"நடுவுல மாட்டிக்கிட்டேன் மாமா. கிளம்பவே சாயங்காலம் ஆகும்போல."

"பத்து மணி நேரம்னியேப்பா."

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"நேத்திலேர்ந்து அவர் படற பாட்டைப் பாக்க முடியல. நினைவு வர்றப்பல்லாம் குழாயைப் பிடுங்கறார்னு கையைக் கட்டி வெச்சிருக்காங்க."

அப்பா லாரி ஓட்டியவர். சீட் பெல்ட்டைக்கூடப் போட மாட்டார். 'என்னை எவன்டா கட்டிப் போடறது' என்று சிரிப்பார்.

"அக்காகிட்ட குடுங்க."

போன் அக்காவின் கைக்கு மாறியது.

"அக்கா, முதல்ல கையை அவிழ்த்துவிடச் சொல்லு. மெஷினையும் எடுத்துடச் சொல்லு."

"நீ வரலியே."

"எனக்காக வேணாம்க்கா."

அவள் போனை வைத்துவிட்டாள். மத்தியானம் மாமாவிடமிருந்து ஒரே வரியில் செய்தி வந்தது: அப்பா போயிட்டார், சாயங்காலமே எடுத்துடறோம். பக்கத்து நாற்காலிக்காரர் பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினார். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தான்.

சாயங்காலம் விமானம் கிளம்பியது. போய் ஆக வேண்டிய காரியம் எதுவும் மிச்சமில்லை. இருந்தும் எல்லோரோடும் வரிசையில் நின்று ஏறினான்.

வீட்டை அடைந்தபோது விடிந்திருந்தது. எல்லாம் முடிந்து, கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். அக்கா ஈரத் தரையில் நின்றபடியே கேட்டாள்.

"பத்து மணி நேரத்துல வர முடியாதுன்னு கிளம்பறப்பவே தெரியுமா?"

அவன் தலையாட்டினான்.

"சொல்லியிருந்தா அன்னிக்கே விட்டிருப்பேன்டா. ஒரு ராத்திரி பூரா கட்டிப்போட்டு வெச்சிருந்தேன்."

அவன் பையைக் கீழே வைக்காமல் நின்றான். அவள் உள்ளே போய்விட்டாள்.