துரை இழுத்த இழுப்பு

"அசையாதீங்க, மூச்சைப் பிடிங்க" என்று நாள் முழுக்கச் சொல்லியே சம்பளம் வாங்குகிறவள் மருமகள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. எப்பேர்ப்பட்ட ஆளும் அவள் ஒரு சொல்லுக்குச் சிலையாக நிற்பார். வீட்டில் ஒரு நாய்தான் நிற்க மாட்டேன் என்றது. அது இழுத்த இழுப்பில் மாமியார் குப்புற விழுந்து மணிக்கட்டில் விரிசல். அந்தப் படத்தையும் இவள்தான் எடுத்தாள்.

"இன்னொரு தடவை அம்மா விழுந்தாங்கன்னா, துரைய சித்தப்பா குடோனுக்கு அனுப்பிருவேன்" என்று கணவன் சொல்லிவிட்டான். துரை என்பது நாய். பேருக்கேற்ற நடைதான், நாம்தான் பின்னால் ஓட வேண்டும்.

அவனைக் குறை சொல்ல முடியாது, பெற்ற தாயாயிற்றே. ஆனால் அவன் கவனிக்காததை இவள் கவனித்திருந்தாள். மாமனார் போன பிறகு மாமியார் வாசலைத் தாண்டுவதே துரைக்காகத்தான். மாமனார் வளர்த்த நாய். சாயங்காலமானால் கயிற்றைக் கவ்விக்கொண்டு வந்து மாமியாரின் அறைக்கதவைப் பிராண்டும். அவரும் அலுத்துக்கொண்டே எழுந்து, தலைவாரி, செருப்பு மாட்டுவார். கையில் கட்டோடு இருந்த நாட்களில் விளக்குகூடப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். துரை போய்விட்டால் அப்படியே உட்கார்ந்துவிடுவார் என்று மருமகளுக்குப் பயமாக இருந்தது.

ஆகவே வேலைக்குக் கிளம்புமுன் துரைக்குப் பாடம் எடுத்தாள். கயிறு இறுகினால் நிற்க வேண்டும், தளர்ந்தால் நடக்க வேண்டும், பிடித்திருக்கிறவள் வாயைத் திறக்கவே கூடாது. தொடக்கத்தில் தெருமுனையைக்கூடத் தொட முடியவில்லை. "யாரு யாரைக் கூட்டிட்டுப் போறீங்க?" என்று எதிர்வீட்டுத் தையல்காரர் நக்கலடித்தார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம். நகர்கிறதை நிறுத்த ஒரு பழமொழியும் இல்லை. அவளும் விடவில்லை. கடைசியில் துரை அவள் முழங்காலை ஒட்டி நடக்கப் பழகியது.

கட்டுப் பிரித்ததும் கயிற்றை மாமியார் கையில் கொடுத்தாள். திரும்பி வந்தவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. முழங்கையில் சிராய்ப்பு.

"விழல. செவுத்தைப் புடிச்சுக்கிட்டேன். அவன்கிட்ட சொல்லிராதம்மா."

தன்னிடம் பூனை, அத்தையிடம் மட்டும் புலியா? மறுநாள் அவள் சற்றுத் தள்ளிப் பின்னாலேயே போனாள். துரை சமர்த்தாகத்தான் நடந்தது. பேக்கரித் திருப்பத்தில் மாமியாருக்கு இரைத்தது. "இருங்க, வரேன்" என்றார். அவ்வளவுதான், துரை பிய்த்துக்கொண்டு பாய்ந்தது.

இவள் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தாள்.

"அத்தை, நாய்க்கு எதுக்கு ‘இருங்க’?"

மாமியாருக்கு வெட்கமாகிவிட்டது. "வாய்ல அதுதாம்மா வருது. உன் மாமா இவனைப் புடிச்சுக்கிட்டு முன்னால போவாரு. நான் பின்னாலயே இருங்க இருங்கன்னு கத்திக்கிட்டு வருவேன். ஒரு நாளும் நின்னதில்ல. பாவம், அவருக்குக் காது மந்தம்."

மருமகளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. போனவரைப் பற்றிச் சொல்லவா வேண்டாமா என்று மென்று விழுங்கினாள். சொல்லாவிட்டால் துரை குடோனுக்குப் போய்விடும்.

"காது கேட்டிருக்கு அத்தை. நீங்க ‘இருங்க’ன்னு சொல்லச் சொல்ல மாமா வேகத்தைக் கூட்டியிருக்காரு. அப்படின்னா ஓடணும்னு இது கத்துக்கிட்டிருக்கு."

மாமியார் துரையைப் பார்த்தபடியே நின்றார். "கேட்டுச்சா" என்றார் மெல்ல. முகம் கோணியது. அழப்போகிறார் என்று இவள் பதறினாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது, கண்ணீர் அதற்குப் பின்னால்.

"செவிடுன்னு எரக்கப்பட்டு, ஒரு வார்த்தை திட்டாம பின்னாலயே ஓடியிருக்கேனே."

"புது வார்த்தை பழக்கிருவோம் அத்தை. ‘நில்லுடா’ன்னு சொல்லுங்க."

"ஐயோ, நான் பெத்த புள்ளையவே வாப்பா போப்பான்னுதான் சொல்லுவேன். டாவெல்லாம் வாய்ல வராதும்மா."

வரவில்லைதான். முதல் நாள் "நில்லுப்பா" என்று கெஞ்சலாக வந்தது, துரை கண்டுகொள்ளவில்லை. மருமகள் பக்கத்திலேயே நடந்து, மாமியார் சொல்லும்போதெல்லாம் கயிற்றை இறுக்கி நின்றாள். நாய்க்குப் பழகுவதற்குள் மாமியாருக்குப் பழக வேண்டியிருந்தது.

ஒரு சாயங்காலம் கயிற்றை முழுசாக மாமியாரிடம் விட்டாள். சாலையின் எதிர்ப்பக்கம் எதையோ கண்டு துரை முறுக்கிக்கொண்டது.

"நில்லுடா."

தெருவே திரும்பிப் பார்க்கிற குரல். துரை நின்றது. கயிறு தொய்ந்தது. மாமியாருக்கு இரைப்பு அடங்கும்வரை அவர் காலடியிலேயே நின்றது.

மாமியார் அதன் தலையைத் தடவினார்.

"இவ்வளவுதானாம்மா?" என்றார். "இதை அந்த மனுஷன்கிட்ட ஒரு தடவை சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் சேந்து நடந்திருப்போமே."