முதலில் ஊரைச் சொல்லுங்கள்

விரேமு என்ற, நியூசிலாந்துப் பூர்வகுடியான மாவோரிக்காரர் எங்கள் கிளினிக்குக்குத் தானாக விரும்பி வரவில்லை. அவரைக் கட்டடக் கொம்பனி அனுப்பியது. கிரேன் ஓட்டுகிறவர். செத்துப்போன தம்பி கிரேன் உச்சிக்கு வந்து தன்னோடு கதைக்கிறான் என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்பவரிடம் சொல்லிவிட்டார். அன்றைக்கே அவரைக் கீழே இறக்கிவிட்டார்கள். மறுபடி ஏறலாமா என்று உளவியலாளர் ஒருவர் எழுதித்தர வேண்டும். அந்த ஒருவர் நான். பெயர் கௌசி. ஸ்ட்ரெதமில் பதினொரு வருடமாக இந்த வேலை.

மொத்தம் மூன்று சந்திப்புகள். மூன்றாவது முடிந்ததும் கடிதம் போக வேண்டும்.

முதல் நாள் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். நித்திரை எப்படி, பசி எப்படி, குரல் ஏதாவது செய்யச் சொல்கிறதா. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்கள் எந்த ஊர்? உங்கள் ஆட்கள் யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "இது உங்களைப் பற்றிப் பேசுகிற நேரம்" என்றேன். எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்லப் படிப்பிக்கிறார்கள். அதற்குப் பிறகு என்னுடைய எல்லாக் கேள்விக்கும் பிரச்சினை இல்லை என்பதுதான் பதில்.

எனக்கு எரிச்சல். அதைவிட வெட்கம். வருடத்துக்கு இரண்டு தடவை மற்ற ஊழியர்களுக்குப் பண்பாடு பற்றி வகுப்பெடுக்கிறவள் நான். மாவோரி மக்களோடு வேலை செய்யும் நியூசிலாந்து உளவியலாளர்கள் எழுதியதைத் தேடி வாசித்தேன். சாப்பிட ஏதாவது வையுங்கள், குடும்பத்தைக் கூப்பிடுங்கள், அவசரப்படாதீர்கள் என்று இருந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால், நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று சொல்லுங்கள் என்றும் இருந்தது. அந்த ஒன்றை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் செய்தேன். இரண்டாம் நாள் நல்ல பிஸ்கட் வாங்கி வைத்து, "கியா ஓரா" என்று அவர்கள் பாணியில் வணக்கமும் சொன்னேன். அவர் பிஸ்கட்டைச் சாப்பிட்டார். பேசவில்லை.

ஊரைச் சொல்வதில் அப்படி என்ன கஷ்டம் என்று வெளியாட்கள் கேட்பார்கள். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களிடையே எந்த ஊர் என்பது முதல் கேள்வி. அதிலே எந்தப் பக்கம் என்பது அடுத்தது. எந்தக் கோயிலடி என்பது மூன்றாவது. அதோடு கேட்டவருக்கு உங்கள் சாதி தெரிந்துவிடும். நாலாவது கேள்வி வராது, முகம் மட்டும் மாறும். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது இங்கே எட்மண்டனில் ஒரு கலியாண வீட்டு வாசலில் வைத்து அம்மா என் கையை அழுத்தி, "ஆரும் கேட்டால் டவுன் எண்டு மட்டும் சொல்லு" என்றார். முப்பது வருடமாக டவுன் என்றுதான் சொல்லி வருகிறேன்.

எங்கள் மனநல மருத்துவர் வாசுதேவன் மதுரைக்காரர். நல்ல மனிதர், நேரமில்லாத மனிதர். "அவர் வாயைத் திறக்கலைன்னா நாம என்ன பண்றது, கௌசி? குரல் கேக்குதுன்னு எழுதிட்டு மாத்திரையை ஆரம்பிச்சிடலாம்" என்றார். அப்படி எழுதினால் விரேமு இனிக் கிரேன் பக்கமே போக முடியாது. செத்தவர்களோடு கதைப்பது மாவோரிக் குடும்பங்களில் பலருக்கு வழக்கம் என்று வாசித்திருந்தேன். அந்தத் தைரியத்தில் அவரை மறுபடி மேலே ஏற்றிவிடுவதென்று மனதுக்குள் முடிவே செய்திருந்தேன். கடிதத்தில் எழுத அவர் வாயிலிருந்து நாலு வார்த்தை வந்தால் போதும்.

மூன்றாம் நாள் அவருடைய அக்கா மேரே வந்தார். குடும்பத்தினர் வந்தால் எங்கள் பக்கமும் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது விதி. குறிப்பெடுக்க, யாழ்ப்பாணத்து ஆளான சமூகப் பணியாளர் சண்முகராசா அண்ணை வந்து உட்கார்ந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே, "தங்கச்சி, டவுனிலை எவடம்?" என்று கேட்டவர். போன் வந்த மாதிரிக் காட்டிக்கொண்டு அன்றைக்கு எழும்பிப் போய்விட்டேன்.

மேரே எழுந்து நின்று தங்கள் மலையின் பெயரைச் சொன்னார். பிறகு ஆறு, தாய் தகப்பன், அவர்களின் தாய் தகப்பன். சொல்லி முடித்துவிட்டு, "இனி நீங்கள்" என்றார். விரேமு நிமிர்ந்து உட்கார்ந்தார். சண்முகராசா அண்ணையும்தான்.

கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நிமிடம் மிச்சம் இருந்தது. அந்த மனிதரின் பிழைப்பு என் வாயில் இருந்தது.

"தில்லையடிப்புலம்" என்றேன். "எங்களுக்கு மலை இல்லை. கிணறும் இல்லை. மற்றவர்கள் அள்ளி ஊற்றும்வரை காத்திருந்து தண்ணீர் எடுத்தோம். அப்பா பொன்னன், பனையில் ஏறிக் கள்ளுச் சீவினவர்."

சண்முகராசா அண்ணையின் பேனை நின்றிருந்தது.

"உங்கள் அப்பாவும் உயரத்தில் வேலை செய்தவர்" என்றார் விரேமு.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே சொன்னார். அவர்கள் வழக்கத்தில் செத்தவரைத் தனியே விடமாட்டார்கள். மூன்று நாள் சுற்றியிருந்து பாடுவார்கள், ஏசுவார்கள், சிரிப்பார்கள். தம்பிக்கு அப்படி நடந்தபோது இவர் இங்கே வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகவில்லை. "ஏன் வரவில்லை என்று கேட்கிறான். வேறொன்றும் கேட்பதில்லை."

"தம்பி வந்து கதைப்பது எங்களுக்குப் புதிதில்லை" என்றார் மேரே. "என்னிடமும் வந்தான். வந்துவிட்டுப் போய்விட்டான். இவனிடமிருந்து மட்டும் போகிறானில்லை. இவன் நித்திரை கொள்வதுமில்லை. அதுதான் பயமாக இருக்கிறது."

விரேமு தரையைப் பார்த்தார். "கடைசியாக ஏறின அன்று காலை, கிரேன் கூண்டின் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தேன். ஏணி மற்றப் பக்கம் இருந்தது. இந்தப் பக்கம் வெறும் வெளி."

"இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"யாரிடம் சொல்கிறேன் என்று தெரியவில்லையே."

நாலு வார்த்தையும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் போதுமென்று நினைத்து, இந்த மனிதரைத் திரும்ப அந்தக் கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார்த்த இருந்தேன். நல்லது செய்கிறேன் என்ற நினைப்போடு செய்திருப்பேன்.

வாசுதேவனைக் கூப்பிட வெளியே போனபோது சண்முகராசா அண்ணை என் பின்னால் வந்தார். "தங்கச்சி, நீங்கள் சொன்னதையும் எழுதவோ?"

"ஓம் அண்ணை, எழுதுங்கோ."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய் எழுதினார். முகம் மாறியதா என்று பார்க்க எனக்கு நேரமில்லை.

வாசுதேவன் வந்து அரை மணி நேரம் பேசினார். விரேமு அக்கா வீட்டில் தங்குவதென்றும், மருத்துவர் தினமும் பேசுவதென்றும், நித்திரை திரும்பியதும் விரேமுவும் மேரேயும் தம்பியைப் புதைத்த இடத்துக்குப் போய்வருவதென்றும் முடிவானது. கடிதத்தை அங்கேயே எழுதி அவருக்கு வாசித்துக் காட்டினேன். தம்பியோடு கதைப்பதை மாத்திரம் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. ஆனால் இப்போது அவர் உயரத்தில் வேலை செய்யக்கூடாது.

"கிரேன் போய்விட்டது" என்றார்.

"இப்போதைக்கு. மன்னியுங்கள்."

மேரே அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். விரேமு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார்.

"நல்லவர் போல இருக்கிறீர்கள், ஏறலாம் என்று எழுதிவிடுவீர்களோ என்று பயந்துகொண்டிருந்தேன்" என்றார்.